மூட் கோர்ட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் தயார் செய்ய...

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூட் கோர்ட், அதாவது மாதிரி நீதிமன்றத்தில் வாதாடும் போட்டிக்கான பயிற்சி கொடுக்க முன்வரும் வக்கீல்கள் பலர் முதல் நாளே அரசியலமைப்புச் சட்டத்தை விரித்து வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். ஒரே ஒரு தீர்ப்பைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நான் பரிந்துரைப்பது 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிஜோ இம்மானுவேல் வழக்கு. நடை தெளிவானது, வழக்காடியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்.

கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடவில்லை என்று 1985-இல் நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். ஏன் வென்றார்கள் என்று கேட்டால் "மதச் சுதந்திரம்" என்றுதான் பதில் வரும். அது பாதி விடை. அவர்கள் பாடவில்லையே தவிர, மரியாதையாக எழுந்து நின்றார்கள். தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மற்றவர் பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதையும்தான் குற்றமாக்குகிறது. பள்ளி நம்பியிருந்த கல்வித் துறைச் சுற்றறிக்கைக்கோ சட்ட பலம் இல்லை. இந்த மூன்றையும் பிள்ளைகளே தீர்ப்பிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும். நீங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டால் அன்றைய பயிற்சி வீண்.

அடுத்து ஒரே ஓர் உண்மையை மாற்றுங்கள்: "எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே இருந்திருந்தால்?" பட்டிமன்றம், பேச்சுப் போட்டி என்று பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். நீதிபதியின் கேள்வியை எதிரணியின் தாக்குதலாக எடுத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். இல்லையென்றால் "அதற்குப் பிறகு வருகிறேன்" என்று நழுவுவார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் போகும். கேட்ட உடனே ஆம் அல்லது இல்லை, பிறகு காரணம், பிறகு விட்ட இடம் என்ற வரிசை நாக்கில் ஏற வேண்டும். "ஆம், அப்போது எங்கள் வாதம் பலவீனப்படும். ஆனால் இந்த வழக்கில் அவர்கள் நின்றார்கள் என்பதில் தகராறே இல்லை" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உரையை முழுதாக எழுதி மனப்பாடம் செய்ய விடாதீர்கள். இடையில் ஒரு கேள்வி விழுந்தால் மீண்டும் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். கையில் ஒரே தாள், அதில் தலைப்புகளும் பக்க எண்களும் போதும். பத்து நிமிட வாதத்துக்கு ஆறு நிமிடச் சரக்குதான் தயார் செய்ய வேண்டும்; மீதி கேள்விகளுக்கு. ஒவ்வொருவரும் இரண்டு தரப்புக்கும் வாதாடிப் பழகட்டும்.

தமிழ்வழிப் பிள்ளைகளை முதலில் தமிழிலேயே வாதாட விடுங்கள். போட்டி ஆங்கிலத்தில் நடந்தாலும் பரவாயில்லை. தர்க்கம் நின்ற பிறகு மொழியை மாற்றுவது எளிது. நீதிபதியை "மை லார்ட்" என்று அழைக்கத் திணறவும் வேண்டியதில்லை. போட்டி விதி வேறு மாதிரி சொல்லாத வரை "யுவர் ஆனர்" போதும்.

மெமோரியலை, அதாவது பிள்ளைகள் எழுதித் தரும் எழுத்து வாதத்தை, நீங்கள் திருத்தி எழுதாதீர்கள். ஓரத்தில் கேள்வி மட்டும் குறியுங்கள். நீங்கள் எழுதிய பத்தியைப் பற்றி நீதிபதி கேட்டால், அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?