பேரேட்டில் விடுபட்டவை

திருநெல்வேலி அரசினர் பொறியியல் கல்லூரி 1981-இல் தொடங்கப்பட்டபோது சேர்ந்த முதல் செட்டில் நானும் ஒருவன். 1985-இல் படிப்பை முடித்துப் பிரியும் வேளையில், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதைக் குறித்துவைக்க நெட்டையான பேரேட்டு நோட்டு ஒன்றை வாங்கி, கையெழுத்து ஓரளவு நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதிக்காக அதை என் தலையில் கட்டினார்கள். இடப்பக்கம் வேலை, பதவி உயர்வு, விருது. வலப்பக்கத்தை எதற்கென்று யாரும் சொல்லவில்லை. முதல் இறப்புச் செய்தி வந்த அன்று, எழுத வேறு இடமில்லாமல் அந்தப் பக்கத்தில் எழுதினேன். அன்றிலிருந்து அது துட்டிப் பக்கம் ஆகிவிட்டது.

நோட்டைப் பராமரித்ததில் ஒன்றைக் கவனித்தேன். பதவிச் செய்தி தானாக வந்து சேரும். உதவிப் பொறியாளர் செயற்பொறியாளர் ஆனால் அவரே ஒரு வாரத்துக்குள் தெரிவித்துவிடுவார். துட்டிச் செய்தியை வேறு யாராவது சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் இருந்த ஒரு நண்பர் இறந்தது எனக்கு எட்டு மாதம் கழித்தே தெரிந்தது. இடையில் செட் கூட்டத்துக்கு வரச் சொல்லி அவருடைய களக்காட்டு வீட்டு முகவரிக்கு நான் அழைப்பு அனுப்பியிருந்தேன். அதை அவர் தாயார் வாங்கி வைத்திருந்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை.

ஆனாலும் நோட்டின் உண்மையான குறை எனக்குப் புலப்பட்டது வேறொரு நண்பரின் துட்டி வீட்டில்தான். தென்காசிப் பக்கத்தில் பெண் எடுத்திருந்த அந்த நண்பரும் நானும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து யூனிட்டுகள். கப்பலில் வந்து இறங்கும் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அந்தச் சாம்பல் புகையோடு பறந்து குழாய்களை மணல்தாள் போல உரசி உரசி மெலியவைத்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தத்தில் இயங்கும் கொதிகலனில் ஒரு குழாய் ஊசித்துளை அளவு விட்டாலும், வெளியேறும் நீராவி பக்கத்துக் குழாய்களையும் அறுக்கத் தொடங்கும். யூனிட்டை நிறுத்தி, ஆள் உள்ளே போகும் அளவுக்கு ஆறவிட்டு, சாரம் கட்டி, பழுதான துண்டை வெட்டி வேறு துண்டைப் பற்றவைத்து, நீரழுத்தச் சோதனையும் முடிக்க இரண்டு மூன்று நாட்கள் ஓடிவிடும். ஒரு நாள் நின்றாலே ஐம்பது லட்சம் யூனிட் மின்சாரம் போயிற்று. ஆகவே பழுது எந்த இடத்தில் என்று முன்கூட்டியே தெரிந்தால் சாரம் கட்டும் நேரமாவது மிச்சப்படும்.

துட்டி கேட்க வந்திருந்தவர்கள் அவர் மேற்பார்வைப் பொறியாளராக ஓய்வு பெற்றதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த ஓர் ஒப்பந்த வெல்டர், யாரும் கேட்காமலேயே, “ஐயா வெளிய நின்னு ஊதுற சத்தத்தக் கேட்டே எந்தப் பக்கத்து டியூப் போயிருக்குன்னு சொல்லிருவாக. நாங்க நேரா அங்கனயே சாரம் கட்டுவோம்” என்றார். நானும் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்ததுதான். அன்று இரவு வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். இடப்பக்கத்தில் அவருக்கு நான்கு பதவிகள், நான்கு தேதிகள். அந்தக் காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவன் நான்.

பிறகு மற்றவர்களின் பக்கங்களையும் அதே கண்ணோடு பார்த்தேன். சேரன்மகாதேவிக்காரர் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைத் தளத்தில் இருந்தவர். 2010 ஏப்ரலில் நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஏவிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் தோற்றபின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அதே வகை ராக்கெட்டை நம் எஞ்சினோடு மறுபடி ஏவிய 2014 ஜனவரி 5 அன்று மாலை தொலைபேசியில் “பறந்துட்டுலே” என்று ஒரே சொல்லைச் சொல்லி வைத்துவிட்டார். அதற்கடுத்து வந்த பதவி உயர்வு நோட்டில் இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல் இல்லை. பேட்டையில் லேத் பட்டறை வைத்து, சுற்றுவட்டார அரிசி ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் இன்னொருவருக்கோ, பதவி என்று ஒன்று இல்லாததால், முதல் வரிக்குப்பின் பக்கம் முழுதும் வெள்ளையாகவே கிடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பதவியை விட்டுவிட்டு வேலையைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினேன். இதில் நான் எதிர்பாராத சிக்கல், பலருக்கும் அது பேசவே வராததுதான். “என்னலே, துட்டிப் பக்கத்துக்கு இப்பமே எழுதி வைக்கியா?” என்று சிரித்து மழுப்பினவர்களும் உண்டு. அம்பாசமுத்திரத்துக்காரர் மட்டும் பாபநாசம் நீர்மின் நிலையத்தைப் பற்றி, 1944-இல் ஓடத் தொடங்கிய அந்த நிலையத்தில் தாம் கழித்த முதல் மழைக்காலத்தைப் பற்றி, ஒன்றரை மணி நேரம் பேசினார். எழுதி எழுதி என் கை வலித்தது.

கொதிகலன் நண்பரின் பக்கத்தைத் திருத்தி எழுதியபோது, அவர் மனைவியிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று பாளையங்கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தவர், ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“ரெண்டாவது யூனிட் இல்ல அண்ணாச்சி, மூணாவது. தலைதீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு, இலையில இருந்து எந்திரிச்சு அவுக ஓடுனது மூணாவது யூனிட்டுக்கு.”

அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினேன்.