அடைத்துக்கொண்ட வேப்பஞ்சருகு

காலையில் கார் கதவைத் திறந்ததும் ஈரத்துணி வாடை. கால்மிதியை அழுத்தினால் தண்ணீர் கசிகிறது. கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது.

கூரையில் இருக்கும் கண்ணாடித் திறப்பை, அதாவது சன்ரூஃபைத் திறந்தேன். மூலையில் சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை. அதன் வாயில் வேப்பஞ்சருகும் புழுதியும் சேர்ந்து களிமண் உருண்டை மாதிரி.

சன்ரூஃப் ரப்பர் மழையை முழுசாகத் தடுக்காது. இறங்கும் நீரை, திறப்பைச் சுற்றியுள்ள பள்ளம் வாங்கி, மூலை ஓட்டையில் தொடங்கும் மெல்லிய குழாய் வழியாகக் கீழே விடும். அது அடைத்தால் காருக்குள்தான் மழை.

கம்பி விட்டால் குழாய் கிழியும். புல்வெட்டியின் நைலான் நரம்பை மெதுவாக விட்டேன். அப்புறம் அரை டம்ளர் தண்ணீர். வண்டிக்கு அடியில் முதலில் சொட்டு, பிறகு ஓட்டம். அந்தச் சத்தத்தில் அவ்வளவு நிம்மதி!

ஐப்பசிக்கு முன்பே வாய்க்கால் தூர்வாரப் போகும் தாத்தா நினைவுக்கு வந்தார்.

தெருவில் இன்னும் நாலு கார்கள், அதே வேப்பமரத்தடியில்.