இரவு ஷிப்ட் முடிந்த காலையில்

பினாங்கில் போலீஸ்காரர் இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்பது: "ஏன் இப்படி எரிந்து விழுகிறார்?" முதலில் அவருடைய ஷிப்ட் அட்டவணையைப் பாருங்கள்.

இரவு 11 மணிக்கு முடித்தவரை மறுநாள் காலை 7 மணிக்கு அழைத்தால் இடைவெளி 8 மணி நேரம். பயணம், குளியல், சாப்பாடு போக, தூங்கக் கிடைப்பது 5 மணி நேரம்தான். இரண்டு ஷிப்டுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரமாவது வேண்டும். மாற்றும் வரிசையும் முக்கியம்: காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். பெரும்பாலோரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதால், தாமதமாகத் தூங்குவது எளிது. முன்கூட்டியே தூங்குவது கடினம். தொடர் இரவுகள் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இரவுப் பணி முடித்த கையோடு சாட்சி சொல்ல நீதிமன்றம் போகவேண்டி வந்தால் அந்த நாள் தூக்கமே போச்சு. அட்டவணை போடுபவர் வழக்குத் தேதியைப் பார்த்துவிட்டுப் போடலாமே! தைப்பூச இரத ஊர்வலத்தின்போது நேரம் நீளும், சரி. அடுத்த நாளை ஓய்வாகக் கொடுங்கள்.

விடியற்காலை 3 முதல் 5 மணி வரை கண் தானாகச் சொக்கும். அதற்குமுன் 20 நிமிடக் குட்டித்தூக்கம் உதவும். ஒட்டுக்கடைக் கோப்பியை நள்ளிரவோடு நிறுத்துங்கள். பாதி வீரியம் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். வீட்டில் கறுப்புத் திரை போடுங்கள், மின்விசிறியை ஓடவிடுங்கள், மத்தியானம் வரை அவரை எழுப்பாதீர்கள்.