கொட்டகைக்குக் கரண்ட் எடுத்தோம்

ஹட்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சரிவில் ஒரு சின்ன மரவேலைக் கொட்டகை போட்டேன். வயரிங் பார்க்க வந்த பாஸ் முதலில் கேட்டது, "எத்தனை பொயின்ட் தம்பி?" ஒரு லைட்டோ பிளக்கோ ஒரு பொயின்ட். கூலியே பொயின்ட் கணக்கில்தான், அவர் அப்படித்தான் கேட்பார். நான் பார்த்தது வேறு கணக்கு: ஒரே நேரத்தில் எதெல்லாம் ஓடும்?

வேலை செய்வது நான் ஒருவன்தான். அறுக்கிற நேரத்தில் இழைக்க முடியாது. மேசை வாள் 1500 வொட், கூடவே ஓடும் தூசு உறிஞ்சி 1000. 230 வோல்ட்டில் 11 அம்பியர் வரும். மோட்டார் என்பதால் 15 என்றே வைத்துக்கொண்டேன். வீட்டு இணைப்பு சிங்கிள் பேஸ் 30 அம்பியர், அதுவே போதும். த்ரீ பேஸ் எடுக்கச் சொன்ன சொந்தக்காரர்களுக்குச் சிரித்து வைத்தேன்.

காசு போனது கேபிளுக்குத்தான். மெயினிலிருந்து கொட்டகைக்கு 25 மீட்டர். கடையில் 7/0.67 (0.67 மில்லிமீட்டர் கம்பி ஏழு) என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில், இன்னும் கொஞ்சம் கூட்டி 20 அம்பியர் இழுத்தால் 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 7/1.04, அதாவது 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 4 வோல்ட்டுக்குள் நிற்கும். பொழுது சாய்ந்தால் எங்கள் லைனில் வோல்ட்டேஜ் ஏற்கெனவே இறங்கிவிடும், அதனால் 6தான் எடுத்தோம். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும் என்பதால், அந்தக் கணநேர இழுப்புக்கு விழாத சி டைப் பிரேக்கர்.

நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில்தான்: லைட்டும் பிளக்கும் ஒரே ட்ரிப் சுவிட்சில் (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்) இருக்கக் கூடாது. பிளக் ட்ரிப் ஆனாலும் வாள் உடனே நிற்காது. சுற்றுகிற பல்லுக்குப் பக்கத்தில் இருட்டில் நிற்க முடியுமா? வீட்டில் ட்ரிப் ஆனாலும் கொட்டகை இருட்டாகாதபடி, வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே தனி பிரேக்கரில் லைன் எடுத்து, கொட்டகையில் லைட்டுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று என 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இரண்டு போட்டோம். "சரி, செலவு உங்களுக்குத்தானே" என்றார் பாஸ்.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ரொட், முதல் இடத்தில் பாதி இறங்குமுன்னே பாறையில் முட்டியது. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, எப்போதும் ஈரமாயிருக்கும் மண்ணில் அடித்தபோது முழுசாக இறங்கியது.

மலைப் பக்கச் சுவர் பனிக்காலத்தில் வியர்க்கும். அதில் ஒரு பிளக் பேஸ்கூட இல்லை. மற்றச் சுவர்களில் எல்லாம் வேலை மேசைக்கு மேலே, பலகை சாய்த்தாலும் மறையாத உயரத்தில்.