பனி வண்டிக் கட்டுரையைத் திருத்தப் போய்

இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் நவம்பரில் கை வைத்தேன். முடிந்தது மார்ச்சில். இடையில் ஒரு வீண் பயணம், நீக்கப்பட்ட ஒரு படம், கட்டுரையைச் சரிபார்த்துத் தேர்வுசெய்யும் மதிப்பாய்வாளரோடு ஒரு மனத்தாங்கல். இத்தனையும் பனி அகற்றும் வண்டிகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக.

கட்டுரை இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்தது. யாரோ இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'பனி உழவு என்பது சாலையில் பனியை உழும் வாகனம்' என்று தொடங்கியது. அடுத்த பத்தியில் 'பனி ஊதி' என்ற ஒன்று காற்றால் பனியை ஊதித் தள்ளியது. டொரண்டோவில் பத்துக் குளிர்காலம் பார்த்தவன் நான்; அந்த வண்டி எதையும் ஊதுவதில்லை. முன்னால் திருகுபோலச் சுழலும் உருளை பனியை நறுக்கி நடுவே இழுக்கிறது; பின்னாலுள்ள சக்கரம் அதை வாரிக் குழாய் வழியே வீசுகிறது. முறத்தில் புடைப்பதை ஊதுவது என்று சொன்னால் எங்கள் பாட்டி சும்மா விடுவாரா?

படமும் தப்பு. சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி என்ற குறிப்போடு இருந்தது, பனிச்சறுக்குச் சரிவுகளில் ஓடும் சங்கிலிப்பட்டை வண்டி. அது பனியை அகற்றுவதே இல்லை, அழுத்திச் சமன்செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக வரலாற்றுப் பகுதியில் 'கனடாவின் ஆரஞ்சு நிற ஜல் இதை மேம்படுத்தினார்' என்று ஒரு வரி. ஆரஞ்சு ஜல் என்பது ஒன்டாரியோ மாகாணத்தின் ஆரஞ்சுவில் ஊர்க்காரர் ஒருவரின் பெயர். நிறம் இயந்திரம் பூசியது.

தலைப்பிலேயே முதல் முட்டுக்கட்டை. 'பனி' என்றால் தமிழில் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் பனியும்தானே, அதற்கு எதற்கு வண்டி என்று கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்தவர்களும், 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்றவர்களும் முழங்கால் அளவு குவியும் பனியைச் சொல்லவில்லை. உறைபனி என்றார் ஒருவர், வெண்பனி என்றார் இன்னொருவர். மூன்று வாரம் கழித்து, தலைப்பில் பனி என்றே வைத்துக்கொண்டு முதல் வரியில் விளக்கம் தருவது என்று முடிந்தது. சொல்லுக்கான சண்டையை முதலில் தொடங்காதீர்கள். உடலை எழுதி முடித்துவிட்டுத் தலைப்புக்கு வாருங்கள். நான் செய்யவில்லை, அதனால் சொல்கிறேன்.

அடுத்தது ஆண்டுச் சிக்கல், சுழலும் சக்கரத்தால் பனியை வாரி வீசும் ரயில் வண்டியான சுழல் பனி வண்டியைப் பற்றியது. '1869இல் டொரண்டோ பல் மருத்துவர் எலியட் முதல் சுழல் பனி வண்டியைத் தண்டவாளத்தில் ஓட்டினார்' என்று கட்டுரை சொன்னது. சான்றாக ஒரு பொது அறிவுத் தளம். திறந்து பார்த்தேன், அதே வாக்கியம். அதற்கடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை: 'ஆரஞ்சு நிற ஜல்.' அவர்கள் எங்களிடமிருந்து நகலெடுத்திருக்கிறார்கள்; பின்னர் வேறொருவர் அதையே எங்களுக்குச் சான்றாக இணைத்திருக்கிறார். நம் வீட்டுச் சாம்பாரை ஓட்டலில் காசு கொடுத்து வாங்கிவந்த கதை. ஒரு தளத்தை மேற்கோளாகப் போடும் முன் அதன் தேதியையும், எப்போது என்ன திருத்தப்பட்டது என்று காட்டும் கட்டுரையின் தொகுப்பு வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சரியான சான்று தேடி ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் காரோட்டி ஓர் உள்ளூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கதவில் தாள் ஒட்டியிருந்தது: 'பனிப்பொழிவு காரணமாக இன்று விடுமுறை.' பனி வண்டியைப் பற்றிப் படிக்கப் போனவனுக்கு இது வேண்டும்தான். திரும்பும் வழியில் ஒரு வண்டிக்குப் பின்னால் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துவந்தேன். முந்தக் கூடாது, அது கிளப்பும் பனித்தூளில் முன்னால் ஒன்றும் தெரியாது.

போயிருக்கவே வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1869 முதலான கனடியக் காப்புரிமைகள் எண்ணிம வடிவில் இணையத்திலேயே கிடைக்கின்றன. எலியட்டின் காப்புரிமையை வீட்டில் உட்கார்ந்தே எடுத்துப் போட்டேன். மதிப்பாய்வாளர் அதையும் ஏற்கவில்லை. 'யோசனையைப் பதிவுசெய்தார் என்பதற்குத்தான் இது சான்று. ஓட்டினார் என்பதற்கு?' அன்று எரிச்சல் தலைக்கேறி, பதில் எழுதாமல் பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. எலியட் முழு அளவு வண்டி எதையும் கட்டவில்லை. அவர் வடிவமைப்பை ஜல் எடுத்து வளர்த்து, சிறு மாதிரிகள் செய்து மணலில் சோதித்துப் பார்த்தார். அந்த வடிவமைப்பில் லெஸ்லி சகோதரர்கள் 1883-84 குளிர்காலத்தில் முழு வண்டியைக் கட்டினார்கள். கனடியன் பசிபிக் ரயில் பாதையில் அது சோதிக்கப்பட்டது. ஒரு வரியாக இருந்த பொய் ஒரு பத்தி உண்மையானது.

கனடாவின் மேற்கு மலைகளிலுள்ள ராஜர்ஸ் கணவாயில் நடந்த விபத்திலும் இதே கதை. 1910 மார்ச் 4 இரவு, ஒரு பனிச்சரிவு மூடிய ரயில் பாதையைச் சுழல் வண்டியோடு தொழிலாளர்கள் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. பழைய நூல்களை நம்பி இறந்தோர் 62 என்று எழுதினேன். பிந்தைய ஆய்வுகள் 58 என்கின்றன. அவர்களில் 32 பேர் ஜப்பானியர். மாற்றி எழுதிவிட்டு, பழைய எண்ணையும் குறிப்பிட்டேன். இல்லையென்றால் யாராவது நூலைப் பார்த்து மறுபடி 62 ஆக்குவார்கள்.

உப்பு தூவுவது, விமான நிலையங்கள், ஜப்பானின் பனிச்சுவர் சாலை ஆகிய மூன்றும் ஒரே மாலையில் முடிந்தன. ஒரே ஒரு தவறு: வண்டியின் முன்னாலுள்ள கலப்பைத் தகடு பனியை எப்போதும் வலப்புறம் தள்ளும் என்று எழுதிவிட்டேன். ஜப்பானில் வசிக்கும் ஒருவர், 'எங்கள் ஊரில் இடப்புறம்' என்று ஒற்றை வரி போட்டார். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஓரம் இடப்பக்கம்தானே! இந்தியப் பகுதியும் இப்படித்தான் வந்தது. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஒருவர் இமயமலைக் கணவாய்களான சோஜி லாவையும் ரோதாங்கையும் விட்டுவிட்டீர்களே என்று கேட்டார். 1960இல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு இந்தக் கணவாய்களைப் பனிவெட்டி வண்டிகளால் திறந்துவிடுகிறது. அதை அவர் பார்த்திருக்கிறார். நான் பார்த்ததெல்லாம் எங்கள் தெரு.

அந்தத் தெருவில்தான் படமும் எடுத்தேன். வண்டித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து ஏற்றிய படத்தை நிர்வாகி இரண்டு மணி நேரத்தில் நீக்கிவிட்டார். உரிமை இல்லாத படம், என் தவறு. எனவே அதிகாலை நான்கு மணி, பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை, வாசலில் கைபேசியோடு நான். தெருமுனையில் நீல விளக்கு சுழல்வது தெரிந்தபோது கைபேசி குளிரில் அணைந்துபோனது. வண்டி வந்தது. சாக்கடை மூடியில் தகடு இடிக்க, தகட்டின் அடிவிளிம்பு மடங்கி மறுகணமே நிமிர்ந்தது. மேடு தட்டினால் வண்டி உடையாதிருக்க வைத்த சுருள்வில்லின் வேலை அது. நூல்களில் பலமுறை படித்தும் புரியாதது அந்த ஒரு நொடியில் புரிந்தது. இரவு நான் சுத்தம் செய்த வாசலை மறித்து முழங்கால் உயரக் குவியல் ஒன்றைப் போட்டுவிட்டும் போனது. அதற்குத் தமிழில் சொல் கிடைக்காமல் ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். மண்வாரியோடு நிற்கும்போதுதான் தோன்றியது: கலப்பை போனால் ஓரத்தில் நிற்பது வரப்பு. பனிவரப்பு. மதிப்பாய்வாளர் மறுபேச்சில்லாமல் ஏற்ற ஒரே சொல் அதுதான். கைபேசியைச் சட்டைக்குள் வைத்திருந்து மறுநாள் படமும் எடுத்துவிட்டேன்.

மார்ச் இரண்டாம் வாரம் கட்டுரை மதிப்பாய்வில் தேறியது. மறுநாள் காலை, கட்டுரையில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைத் திறந்தால் ஒரு புதிய திருத்தம். தூய தமிழ் ஆர்வலர் ஒருவர் பிறமொழிச் சொற்களைக் களைந்திருந்தார். வரலாற்றுப் பகுதியில் இப்போது 'செம்மஞ்சள் ஜல்' நின்றுகொண்டிருந்தார், 'செம்மஞ்சள்வில்' ஊரில். மீளமைத்துவிட்டு, காரணம் எழுதும் பெட்டியில் 'அது அவருடைய பெயர் ஐயா' என்று போட்டேன்.