கணினி அறிவியலில் கோடை ஆய்வு: ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டிய விண்ணப்பம்

மே மாதம் தொடங்கும் கோடை ஆய்வுக்கு (விடுமுறையில் ஒரு பேராசிரியரிடம் மாணவர்கள் செய்யும் ஆராய்ச்சிப் பயிற்சி) பொங்கல் முடிந்த பிறகு இடம் தேடினால், பல திட்டங்களின் கடைசித் தேதி போயிருக்கும். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க், 12 வாரத் திட்டம், செப்டம்பரிலேயே மூடிவிடும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் ‘வைஸ்’ உதவித்தொகைக்கு நவம்பர் தொடக்கம்தான் கடைசி. அதற்குள் அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஆகஸ்டில் மின்னஞ்சல் எழுதத் தொடங்கினால்தான் சரிவரும். (வைஸ் எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. தகுதிப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.) பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, டெல்லி இன்சா, பிரயாக்ராஜ் நாசி என்ற மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாத கோடை ஆய்வு உதவித்தொகைக்கு ஆண்டு முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுவதே வழக்கம். சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகக் கணினித் துறையும் டிசம்பரை ஒட்டியே கேட்கிறது. புத்தாண்டுக்குப் பிறகு மிஞ்சுபவை டாடா ஆய்வு நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.), ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்றவற்றின் கோடைத் திட்டங்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்கான ஆர்.இ.யூ. ஆய்வுத் திட்டங்களுக்கு இங்கிருந்து நிறையப் பேர் விண்ணப்பம் நிரப்புகிறார்கள். அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவர்களுக்குமானது. நடத்தும் பல்கலைக்கழகம் வேறு நிதி வைத்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, அதில் நேரத்தைப் போடாதீர்கள்.

சி.ஜி.பி.ஏ. முதல் சல்லடைதான். அதைத் தாண்டியபின் பேராசிரியர் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: இந்த மாணவரை எட்டு வாரம் வைத்துக்கொண்டால் ஏதாவது முடியுமா? எட்டு வாரம் என்பது 40 வேலை நாள். படிக்கவும் கணினியில் எல்லாம் ஓட வைக்கவும் இரண்டு வாரம் போய்விடும், அறிக்கைக்கு ஒரு வாரம். மீதி ஐந்து வாரத்தில் முடியக்கூடிய ஒன்றை நீங்கள் எழுதியிருக்கிறீர்களா என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதும் திட்டக் குறிப்புகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். “மெஷின் லேர்னிங்கில் எனக்கு மிகுந்த ஆர்வம், மருத்துவத் துறையில் அதைப் பயன்படுத்த விரும்புகிறேன்” என்று 250 சொல் எழுதினால் அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ‘கொ’ என்ற ஒரே எழுத்து இரண்டு குறியீடு, 6 பைட். ஆங்கிலத்தில் அதிகம் பயின்ற டோக்கனைசர் (மொழி மாதிரிக்காக உரையைத் துண்டாக்கும் நிரல்) தமிழ்ச் சொல்லைப் பல துண்டாக்குகிறது, சில சமயம் எழுத்தின் நடுவிலேயே வெட்டுகிறது. எழுத்து எல்லையில் மட்டும் வெட்டச் செய்தால் சொல்லுக்கு எத்தனை துண்டு குறைகிறது, அதனால் ஒரு வகைப்படுத்தல் பணியின் துல்லியம் மாறுகிறதா? இதில் கேள்வி இருக்கிறது, அளக்க ஒன்று இருக்கிறது, விடை “மாறவில்லை” என்று வந்தாலும் அறிக்கை எழுத முடியும்.

குறிப்புக்குப் பின்னால் செய்து பார்த்த வேலை ஒன்று வேண்டும். அந்தத் துறையின் ஒரு கட்டுரையை எடுத்து, அதிலுள்ள ஒரே ஒரு அட்டவணையை மறுபடி உருவாக்கிப் பாருங்கள். எண்கள் பெரும்பாலும் அப்படியே பொருந்தாது. தரவைப் பிரித்த விதம், ரேண்டம் சீட் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு), லைப்ரரியின் பதிப்பு, கட்டுரையில் சொல்லாமல் விட்ட லேர்னிங் ரேட் (பயிற்சியின் வேக அளவு) என்று காரணம் ஏதாவது இருக்கும். எவ்வளவு வித்தியாசம், ஏன் என்று நினைக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் ஓடும்படி நிரலைக் கிட்ஹப் தளத்தில் வையுங்கள். பத்து ஆன்லைன் சான்றிதழ்களைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

யாருக்கு எழுதுவது என்று தேட சிஎஸ்ராங்கிங்ஸ் தளத்தில் துறையையும் நாட்டையும் வடிகட்டலாம். ஒரு பேராசிரியர் இப்போது என்ன செய்கிறார் என்பதைக் கணினிக் கட்டுரைகளின் பட்டியலான டிபிஎல்பி தளத்தில் உள்ள கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் காட்டும். மின்னஞ்சல் 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். எந்தக் கட்டுரை, அதில் எந்த இடம், நீங்கள் செய்து பார்த்தது என்ன, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், அவ்வளவுதான். ஒரு பக்க ரெஸ்யூமேயும் மதிப்பெண் பட்டியலும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால், பெயரை மாற்ற மறந்த ஒரு வரி போதும், உங்களைக் காட்டிக்கொடுக்க. வாரத்துக்கு மூன்று நான்கு பேருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு துறைத் தலைவரின் (ஹெச்.ஓ.டி.) பதவியைவிட உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆசிரியரின் ஒரு பத்தி மேல். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். திட்டக் குறிப்பையும் அவரிடம் செய்த ப்ராஜெக்டின் விவரத்தையும் கொடுங்கள். விண்ணப்பத்தில் அவருடைய கல்லூரி மின்னஞ்சலையே நிரப்புங்கள். ஜிமெயில் முகவரியைச் சில தளங்கள் ஏற்பதில்லை. அடிக்கடி நடக்கும் விபத்து, கடிதத்துக்கான இணைப்பு ஆசிரியரின் ஸ்பாமில் கிடப்பதும், தேதி முடிந்தபின் தெரிய வருவதும். விண்ணப்பம் அனுப்பிய அன்றே, “மேடம், லிங்க் வந்திருக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல்: செமஸ்டர் தேர்வு மே கடைசி வரை, சில ஆண்டுகளில் ஜூனுக்குள்ளும் போகும். ஆய்வகமோ மே நடுவில் வரச் சொல்லும். இடம் கிடைத்ததும் கல்லூரியில் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கேளுங்கள், கூடவே முந்தைய ஆண்டுத் தேர்வு அட்டவணையைப் பார்த்து உத்தேசத் தேதியைப் பேராசிரியருக்கு எழுதுங்கள். ஏற்பதற்கு முன் சொன்னால் தொடக்கத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கப் பலர் சம்மதிப்பார்கள்.