கொப்பியோட வாக்குக் கேட்க வாற அண்ணை

எங்கட அண்ணை ஒருத்தர் இந்தமுறை பாராளுமன்றத் தேர்தலில நிக்கிறார். பெயரும் விருப்பு இலக்கமும் நாளைக்குப் போடுறன். இண்டைக்கு ஆளைப் பற்றி மட்டும்.

இருபது வருசத்துக்கு மேல பத்திரிகைக்காரன். 2006 ஜனவரி 2 திருகோணமலைக் கடற்கரையில ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டது, கொல்லப்பட்ட அந்தப் பிள்ளையளின்ர படங்களை வெளியில கொண்டுவந்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் இந்த ஊரில இருந்து செய்தி எழுதின மனுசன்.

2021 நவம்பரில கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில பள்ளிக்கூடப் பிள்ளையளும் போன இழுவைப் படகு கவிழ்ந்த அண்டு அவரோட போனனான். எல்லாரும் கமராவைத் தூக்க, இவர் கரையில கிடந்த ஒரு பள்ளிக்கூடப் பையின்ர சேற்றைக் கையால வழிச்சுக்கொண்டு நிண்டார்.

எங்கட திருகோணமலை, நாலே நாலு ஆசனம் உள்ள மாவட்டம். ஆருக்குப் புள்ளடி போடுறது உங்கட விருப்பம். அண்ணைக்கு மேடைப்பேச்சு வராது, சத்தியமா வராது. உப்புவெளியில நடந்த சின்னக் கூட்டத்தில, காணிப் பிரச்சினை சொல்ல வந்த அம்மாவிட்ட "எந்தத் திகதி, எத்தனை மணி, ஆர் சொன்னது" எண்டு கொப்பியை எடுத்துக் குறிக்கத் தொடங்கிட்டார். சனம் சிரிச்சுது. அந்த அம்மா சிரிக்கேல்ல. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, முழுக்கச் சொல்லி முடிச்சவா.